புதிதாக வந்த டெரியர் குட்டி: சாப்பாட்டுப் பிடிவாதம், சொறிதல், கடி – வீட்டில் செய்ய வேண்டியவை

பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு குட்டி வீட்டுக்கு வருகிறது. முதல் வாரம் எல்லார் மடியிலும் அதற்கு இடம் உண்டு. மூன்றாவது வாரத்தில் புகார்கள் தொடங்கும். வைத்த சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது, இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருக்கிறது, பிள்ளைகளின் கையையும் காலையும் கடிக்கிறது என்ற மூன்றும் அநேகமாகச் சேர்ந்தே வரும். இரண்டாவது மாதத்தில் "யாருக்காவது கொடுத்துவிடலாமா?" என்ற பேச்சு எழும். வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால், அதே குட்டி சந்தைக்கடைப் பக்கமோ செம்பனைத் தோட்டத்து ஓரத்திலோ விடப்படும் நிலைகூட வரலாம்.

இந்த மூன்று புகார்களும் குட்டிப் பருவத்தில் வரக்கூடியவைதாம். பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் சில நேரங்களில் இவை கடும் நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கும். எது பழக்கம், எது நோய் என்று பிரித்தறிய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டெரியர் எப்படிப்பட்ட நாய்?

'டெரியர்' என்ற பெயர் 'டெரா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் மண். வளைக்குள் புகுந்து எலி, நரி போன்றவற்றை விரட்டவும் பிடிக்கவும் பிரிட்டனில் வளர்க்கப்பட்ட நாய்கள் இவை. ஜேக் ரசல் டெரியருக்குப் பெயர் தந்தவர், 1795 முதல் 1883 வரை வாழ்ந்த ஜான் ரசல் என்ற இங்கிலாந்துப் பாதிரியார். வேட்டைப் பிரியரான அவரை மக்கள் 'ஜேக்' என்றே அழைத்தனர். சில்க்கி, யார்க்‌ஷயர், வெஸ்ட் ஹைலண்ட் ஒயிட் ஆகியவையும் டெரியர் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

உருவம் சிறியது என்பதால் மடியில் படுத்துக் கிடக்கும் நாய் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஜேக் ரசல் வளர்ந்த பிறகும் சுமார் 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரமும் 5, 6 கிலோ எடையும்தான் இருக்கும். ஆனால் ஓடுவதைத் துரத்துவது, மண்ணைத் தோண்டுவது, வாயால் கவ்வி உலுக்குவது, பிடித்ததை விடாமல் இருப்பது ஆகிய குணங்கள் அதன் இரத்தத்தில் ஊறியவை. குட்டி கைலி நுனியைக் கவ்விக்கொண்டு விடாமல் இழுத்தால், அது கெட்ட நாய் என்று பொருளில்லை. தன் இனத்தின் வேலையைத்தான் அது செய்கிறது.

முதலில் கேட்டு வைக்க வேண்டியவை

குட்டி குறைந்தது 8 வாரம் தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்திருக்க வேண்டும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை அந்தக் குட்டிகளோடு கடித்து விளையாடித்தான் அது கற்றுக்கொள்கிறது. 5, 6 வாரத்திலேயே பிரிக்கப்பட்ட குட்டிக்கு இந்தப் பாடம் முழுமையாகக் கிடைத்திருக்காது. அதைக் கற்றுத்தரும் பொறுப்பு வீட்டாருடையது.

குட்டியைக் கொடுத்தவரிடம் நான்கு விவரங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி என்ன? எந்தத் தடுப்பூசி, எந்த நாளில் போடப்பட்டது? குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டது? இதுவரை என்ன உணவு கொடுத்தார்கள்? தடுப்பூசி அட்டை இல்லாமல் "எல்லாம் போட்டாச்சு" என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற உயிர்க்கொல்லி நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும். குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை 2 முதல் 4 வார இடைவெளியில் தொடர்ந்து போடப்படும். ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டால் பாதுகாப்பு முழுமையடையாது.

எலி நடமாட்டம் மிகுந்த தோட்டப்புறத்திலும், வடிகால் ஓரத்து வீடுகளிலும் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கான தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். இந்த நோய் மனிதர்களுக்கும் வரக்கூடியது. கொசு மூலம் பரவும் இதயப் புழுவுக்கான தடுப்பு மருந்தும் நம் நாட்டுக்குத் தேவையானது.

சாப்பாட்டுப் பிடிவாதம்

புதிய வீடு, புதிய மணம், புதிய மனிதர்கள் என்று எல்லாம் மாறும்போது முதல் ஓரிரு நாள் குட்டியின் பசி குறையலாம். அப்போது வீட்டார் பதறிப்போய் முதலில் பிஸ்கட் உணவு, பிறகு டின் உணவு, அதன் பிறகு கோழிக்கறி, கடைசியில் கையால் ஊட்டுவது என்று இறங்கி வருவார்கள். குட்டி கற்றுக்கொள்ளும் பாடம், 'சாப்பிடாமல் இருந்தால் இதைவிட நல்லது வரும்' என்பதே. டெரியர்கள் கெட்டிக்கார நாய்கள். இந்தக் கணக்கை இரண்டே நாளில் புரிந்துகொள்ளும்.

சரியான முறை இதுதான். முதல் வாரம் பழைய வீட்டில் கொடுத்த அதே உணவையே கொடுங்கள். மாற்ற நினைத்தால் 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு, முதலில் கால் பங்கு புதியது, பிறகு அரைப் பங்கு, பிறகு முக்கால் பங்கு என்று மெல்லக் கூட்டுங்கள். திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு வரலாம்.

8 வாரக் குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளை உணவு வேண்டும். 4 மாதம் வாக்கில் அதை மூன்று வேளையாகவும், 6 மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளையாகவும் குறைக்கலாம். வேலைக்குப் போகும் குடும்பத்தில் காலைப் பசியாறும் நேரம், மதியம், மாலை, இரவு என்று நேரத்தையும், எந்த வேளை யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பிரித்துக்கொள்வது நல்லது.

தட்டை ஒரே இடத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். 15 முதல் 20 நிமிடம் விட்டுவிட்டு, குட்டி தட்டை விட்டு நகர்ந்த பிறகு எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை இடையில் எதுவும் கொடுக்க வேண்டாம். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பிடுங்கக்கூடாது. அப்படிச் செய்தால் உணவைக் காக்க உறுமும் பழக்கம் தொடங்கிவிடும்.

உலர் உணவு கடினமாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்துக் கொடுக்கலாம். மணம் எழும்பும்போது பசியும் எழும். நம் ஊர் வெயிலில் நண்பகலில் குட்டி குறைவாகச் சாப்பிடுவது இயல்பு. காலையிலும் இரவிலும் அளவைச் சற்றுக் கூட்டலாம். ஊறவைத்த உணவை நெடுநேரம் வெளியில் வைத்தால் புளித்துப்போய் எறும்பும் மொய்க்கும்.

பயிற்சிக்காகக் கொடுக்கும் தின்பண்டம் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வீட்டில் ஐந்து பேர் இருந்து ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்தால், அந்தச் சின்ன வயிற்றுக்கு அதுவே ஒரு வேளை உணவாகிவிடும். பிறகு தட்டைத் தொடவில்லை என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

சோறும் அவித்த கோழியும் வயிறு சரியில்லாத ஓரிரு நாளுக்கு உதவும். அதையே மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து முதலியவை போதாமல் எலும்பு வளர்ச்சி கெடும். குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட உணவு முக்கிய உணவாக இருக்கட்டும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் நின்று, பிறகு தனியாக நின்று கழித்துப் பார்த்தால் போதும். எடை கூடிக்கொண்டே வந்து, குட்டியும் சுறுசுறுப்பாக இருந்தால், 'சரியாகச் சாப்பிடவில்லை' என்ற கவலை பெரும்பாலும் நம் கணிப்பின் பிழைதான். கையால் தடவினால் விலா எலும்பு தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது.

நம் சமையலறையில் இருக்கும் ஆபத்துகள்

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பில் வெந்து கரைந்திருந்தாலும் தீங்குதான். எனவே 'கறிக்குழம்பு ஊற்றிய சோறு' வேண்டாம்.

திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கேசரி, பாயசம், கேக் ஆகியவற்றில் இருப்பதை மறக்க வேண்டாம்.

சாக்லேட், கொக்கோ கலந்த மைலோ போன்ற பானங்கள், காப்பி, மது ஆகியவை கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் சேர்க்கப்படும் சைலிட்டால் மிகச் சிறு அளவிலும் ஆபத்தானது.

வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம். மாங்கொட்டையும் ரம்புத்தான் கொட்டையும் குடலை அடைக்கலாம்.

கருவாடு, உப்பு நெத்திலி, தேங்காய்ப்பால் மிகுந்த உணவு, எண்ணெயில் பொரித்தவை ஆகியவற்றையும் தவிர்க்கவும். தீபாவளி விருந்தின் மிச்சம் கணைய அழற்சியில் கொண்டுபோய்விடும்.

காய்ச்சலாக இருக்கிறதே என்று நாம் சாப்பிடும் பாராசிட்டமோல், வலி மாத்திரை எதையும் கொடுக்கக்கூடாது.

தோட்டப்புறத்தில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. செம்பனைத் தோட்டங்களில் வைக்கப்படும் எலி மருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதை நேரடியாகத் தின்றாலும், தின்று செத்த எலியைத் தின்றாலும் நாய்க்கு உள்ளுக்குள் இரத்தக் கசிவு ஏற்படும். அறிகுறி தெரியச் சில நாள் ஆகலாம் என்பதால், தின்றது தெரிந்த உடனேயே மருந்தின் உறையோடு மருத்துவரிடம் செல்ல வேண்டும். அடுத்தது தேரை. மழைக்குப் பின் வாசலுக்கு வரும் தேரையைக் கவ்வினால் குட்டியின் வாயில் நுரை தள்ளும். தண்ணீர் தொண்டைக்குள் போகாதவாறு தலையைத் தாழ்த்தி வாயைக் கழுவிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

சாப்பிடாதது எப்போது நோய்?

பிடிவாதக்காரக் குட்டி தட்டை மறுத்தாலும் ஓடும், விளையாடும், தின்பண்டம் என்றால் வாலாட்டும். நோயுற்ற குட்டி மூலையில் சுருண்டு கிடக்கும், பிடித்த பண்டத்தையும் மறுக்கும். தொடர்ந்து வாந்தி, இரத்தம் கலந்த அல்லது கடும் நாற்றமுள்ள வயிற்றுப்போக்கு, வெளிறிய ஈறு, காய்ச்சல், மூக்கில் இரத்தம், உப்பிய வயிறு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்வோ தாக்கிய குட்டிக்கு ஒரு நாள் தாமதம்கூட உயிரைப் பறிக்கும்.

3 மாதத்துக்கு உட்பட்ட சிறிய குட்டி அரை நாளுக்கு மேல் எதுவும் சாப்பிடாமல் இருந்தால், அதை வெறும் பிடிவாதம் என்று விடக்கூடாது. இரத்தத்தில் சர்க்கரை குறைந்து நடுங்கும், தள்ளாடும், துவண்டு விழும். அப்படி நேர்ந்தால் சிறிது தேனையோ சர்க்கரைக் கரைசலையோ விரலால் ஈற்றில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

சொறிதல்: இடத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்

வெயிலும் ஈரமும் ஆண்டு முழுவதும் இருக்கும் நம் நாட்டில் உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் ஓய்வுக் காலமே கிடையாது. குட்டி உடம்பில் எங்கே சொறிகிறது என்பதை இரண்டு நாள் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

வால் அடியும் முதுகின் பின்பகுதியும் என்றால் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். நெருக்கமான பற்கள் கொண்ட சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம்.

காதின் உள்புறம், கழுத்து, கால்விரல் இடுக்கு ஆகியவை உண்ணி ஒட்டும் இடங்கள். நாள்தோறும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

காது மடல் ஓரமும் முழங்கையும் தோல் தடித்து, தாங்க முடியாத அரிப்பு இருந்தால் சொறிப்பூச்சியாக இருக்கலாம். குட்டியைத் தூக்கும் பிள்ளைகளுக்கும் கையிலும் வயிற்றிலும் அரிப்பு வந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

வட்டமாக முடி கொட்டியிருந்தால் படை எனப்படும் பூஞ்சை நோயாக இருக்கலாம். இதுவும் பிள்ளைகளுக்குத் தொற்றும். கண்ணைச் சுற்றி முடி கொட்டி, அரிப்பு அதிகம் இல்லாவிட்டால் டெமோடெக்ஸ் என்ற வேறு வகைப் பூச்சி காரணமாகலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

தலையை உதறிக்கொண்டே இருந்து காதிலிருந்து நாற்றமும் வந்தால், அது காது நோய். பின்புறத்தைத் தரையில் தேய்த்தால் குடற்புழுவோ ஆசனவாய்ச் சுரப்பி அடைப்போ காரணமாக இருக்கலாம்.

பாதத்தை நக்குவது, அக்குள், வயிறு, முகம் சிவப்பது ஆகியவை ஒவ்வாமையின் அடையாளங்கள். தூசிப் பூச்சி, புல் முதலியவற்றால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் 6 மாதம் முதல் 3 வயதுக்குள் தலைகாட்டும். வெஸ்ட் ஹைலண்ட் ஒயிட் டெரியருக்கு இது மிகுதி. மூன்று மாதக் குட்டி சொறிந்தால் ஒவ்வாமை என்று முடிவு கட்டுவதற்கு முன் பூச்சிகளை முதலில் தேடுவதே முறை.

உணவு ஒவ்வாமையும் உண்டு. மாட்டிறைச்சி, பால், கோழி ஆகியவை அதற்கு அடிக்கடி காரணமாகின்றன. ஆனால் வாரம் ஒரு உணவாக மாற்றிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவர் சொல்லும் ஒரே உணவை ஏறக்குறைய 8 வாரம் கொடுத்து, இடையில் ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காமல் இருந்தால்தான் தெரியும்.

உண்ணியை எடுப்பதும் வீட்டைச் சுத்தம் செய்வதும்

உண்ணியைத் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுவதும், விரலால் நசுக்குவதும் தவறு. எடுத்த உண்ணியைச் சாராயத்தில் அல்லது சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். உண்ணி மூலம் எர்லிக்கியா, பபேசியா ஆகிய கிருமிகள் பரவி, உண்ணிக் காய்ச்சல் வரும். உண்ணி கடித்த நாய் சில நாள் கழித்துச் சாப்பாட்டை மறுத்து, காய்ச்சலோடு ஈறும் வெளிறிப்போனால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

நாயின் மேல் தெரியும் உண்ணி ஒரு பகுதிதான். பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசல், நாய்க்கூண்டின் மூலை, சிமெண்டு வெடிப்பு ஆகியவற்றில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பழைய லயத்து வீடுகளில் பலகை இடுக்குகளும் அதற்கு வசதி. தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழு வாரக்கணக்கில் காத்திருந்து வெளிவரும். எனவே படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள், தரையையும் மூலைகளையும் பெருக்குங்கள், விரிசலை அடையுங்கள். நாய்க்கான பூச்சி மருந்தைக் குறைந்தது மூன்று மாதமாவது விடாமல் தொடருங்கள். வீட்டில் உள்ள மற்ற நாய்களுக்கும் பூனைகளுக்கும் சேர்த்தே சிகிச்சை செய்ய வேண்டும். ஆனால் நாய் மருந்தைப் பூனைக்குப் போடக்கூடாது. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

கடையில் வாங்கும் சொட்டு மருந்தோ மாத்திரையோ குட்டியின் வயதுக்கும் எடைக்கும் ஏற்றதா என்று பாருங்கள். பெரிய நாய்க்கு வாங்கியதைப் பாதியாக்கிக் கொடுப்பது கணக்குக்குச் சரியாகத் தோன்றலாம், ஆனால் குட்டிக்குப் பாதுகாப்பானதன்று.

குளியல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். நாய்க்கான ஷாம்பூவையே பயன்படுத்துங்கள். நம் தோலுக்கும் அதன் தோலுக்கும் அமிலத்தன்மை வேறு. குளித்த பிறகு விரல் இடுக்கும் காதும் காயும்வரை துடையுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை வளரும். களைக்கொல்லி தெளித்த இடத்தில் நடந்து வந்தால் பாதத்தையும் வயிற்றையும் உடனே கழுவிவிடுங்கள்.

கைமருத்துவம்: எதை விட வேண்டும்?

சொறிநாய்க்குப் பழைய எஞ்சின் எண்ணெய் பூசுவது நம் தோட்டங்களில் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வழி. மண்ணெண்ணெய் தடவுவதும் உண்டு. இரண்டும் தோலைப் புண்ணாக்கும். நாய் நக்கும்போது உடலுக்குள் சென்று நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைப் பாதிக்கும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுவது இன்னும் கொடியது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினைக் கண் அளவாகக் குட்டிக்குப் போட்டால், அளவு மீறி வலிப்பும் உயிரிழப்பும் நேரலாம்.

மஞ்சளும் வேப்பிலையும் நம் வீட்டு மருந்துகள். வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறிய நீரில் கழுவுவதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் தோலுக்குள் குடியிருக்கும் சொறிப்பூச்சியை அது ஒழிக்காது. அதை நம்பிச் சிகிச்சையை மூன்று வாரம் தள்ளிப்போட்டால் நோய் முழு உடம்புக்கும் பரவும்.

கடி: குட்டி ஏன் கடிக்கிறது?

குட்டிக்கு வாய்தான் கை. பிடித்துப் பார்க்கவும் விளையாட அழைக்கவும் வாயைத்தான் பயன்படுத்தும். அதோடு பல் மாறும் வேதனையும் சேர்ந்துகொள்கிறது. 28 பால் பற்கள் ஏறக்குறைய 3, 4 மாதத்தில் விழத் தொடங்கி, 6 அல்லது 7 மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் முளைக்கும். இந்தக் காலத்தில் ஈறு தினவெடுக்கும். கடிக்க ஏதாவது கிடைத்தே ஆக வேண்டும்.

ஆகவே முதல் வேலை, கடிக்கத் தகுந்த பொருளைக் கொடுப்பது. கெட்டியான ரப்பர் பொம்மை, முடிச்சுப் போட்டு நனைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த பழைய துண்டு ஆகியவை போதும். பழைய சிலிப்பரைக் கொடுக்க வேண்டாம். பழையது எது, புதியது எது என்று குட்டிக்குத் தெரியாது. வாசலில் கழற்றி வைத்த விருந்தினரின் காலணியையும் அது தன்னுடையது என்றே எண்ணும்.

இரண்டாவது, கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்று கற்பிப்பது. பல் தோலில் பட்டவுடன் கையை இழுக்காமல் அசையாது நிறுத்துங்கள். கையை வெடுக்கென்று இழுத்தால் ஓடும் இரையாகத் தோன்றி டெரியர் இன்னும் வேகமாகப் பாயும். பிடி தளர்ந்ததும் பொம்மையை நீட்டுங்கள். பொம்மையை விட்டுக் கையையே நாடினால், பேசாமல் எழுந்து 20, 30 நொடி அப்பால் செல்லுங்கள். திரும்பி வந்து அமைதியாக இருந்தால் பாராட்டுங்கள். நாளுக்குப் பத்துத் தடவை இதையே சலிக்காமல் செய்ய வேண்டும். சில வாரத்தில் மாற்றம் தெரியும்.

மூன்றாவது, ஒரே சொல். அப்பா 'வேண்டாம்' என்றும், அக்காள் 'நோ' என்றும், பாட்டி 'சீ' என்றும், அண்ணன் 'ஜாங்கான்' என்றும் சொன்னால் குட்டிக்கு ஒன்றும் விளங்காது. 'விடு' என்று ஒரு சொல்லை வீடே ஏற்றுக்கொள்ளட்டும். வாயில் உள்ளதை விட்டவுடன் ஒரு துண்டு உணவு கொடுத்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு வரும். இதை அதன் வேளை உணவிலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம்.

நான்காவது, தூக்கம். குட்டி நாளுக்கு 18 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்க வேண்டும். மாலையில் வெறிபிடித்ததுபோல் ஓடிக் கடிக்கும் குட்டி பல நேரம் களைத்துப்போன குட்டிதான். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அமைதியான கூண்டிலோ தடுப்பிட்ட மூலையிலோ படுக்க விடுங்கள். தூங்கும்போது பிள்ளைகள் எழுப்பக்கூடாது.

அதேபோல், நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போட்ட டெரியர் ஆற்றலை எங்கும் செலவிட முடியாமல், அவிழ்த்தவுடன் கடித்துக் குதறும். தடுப்பூசிகள் முடியும்வரை வீட்டுக்குள்ளும் வேலிக்குள்ளும் விளையாட்டு, உணவை ஒளித்து வைத்துத் தேடவிடுதல் ஆகியவை போதும். முடிந்த பிறகு காலையிலும் மாலையிலும் வெயில் தணிந்த நேரத்தில் நடை தேவை.

மூக்கில் அடிப்பது, வாயை அமுக்கிப் பிடிப்பது, மல்லாத்தி அழுத்துவது, கத்துவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அடிபட்ட குட்டிக்குக் கையைக் கண்டாலே பயம் வரும். பயந்த நாய்தான் பிற்காலத்தில் உண்மையாகவே கடிக்கும். உறுமலுக்காகவும் அடிக்கக்கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் எச்சரிக்கை இல்லாத கடி வரும்.

பிள்ளைகள் உள்ள வீடு

சிறு பிள்ளையையும் குட்டியையும் தனியே விடக்கூடாது. குட்டி துரத்தினால் ஓடாமல், கத்தாமல், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மரம்போல் நிற்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். சாப்பிடும் நாயின் அருகில் போகக்கூடாது என்பது வீட்டின் சட்டமாக இருக்கட்டும்.

விளையாட்டுக் கடியில் உடல் தளர்வாக இருக்கும், வால் ஆடும். உடல் விறைத்து, கண் வெறித்து, உறுமிக் கடித்தாலோ, குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் கடித்தாலோ அது விளையாட்டன்று. வலியோ பயமோ காரணமாக இருக்கும். மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். மஞ்சள், காப்பித்தூள் வைத்து மூட வேண்டாம். வெறிநாய்க்கடி நம் நாட்டுக்குத் தொடர்பில்லாத நோயன்று. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017 முதல் சரவாக்கிலும் அது பரவியது. அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. தெருநாய் கடித்திருந்தால் சின்னக் கீறல் என்று விட்டுவிடக்கூடாது.

மூன்று புகாருக்கும் ஒரே காரணம் இருக்கலாம்

சாப்பாடு, சொறி, கடி ஆகியவற்றைத் தனித்தனியே பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. உண்ணி மொய்த்த குட்டிக்கு அரிப்பால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் எரிச்சலில் கடிக்கும், இரத்தம் குறைந்தால் பசி மறையும். பல் வலிக்கும் குட்டி கடினமான உணவை விட்டுவிட்டு நாற்காலிக் காலைக் கடிக்கும். எனவே மருத்துவரிடம் போகும்போது மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். எந்த நாள், என்ன சாப்பிட்டது, எங்கே சொறிந்தது, எப்போது கடித்தது என்று ஒரு சிறு நோட்டில் குறித்து வைத்தால், பத்து நிமிடச் சந்திப்பில் அவர் காரணத்தைப் பிடிக்க அது பெரிதும் உதவும்.

தோட்டத்தில் இருப்பவர்கள், அருகிலுள்ள பட்டணத்தில் எந்தக் கிளினிக் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், யார் வண்டி கொடுப்பார் என்பதை முன்னதாகவே விசாரித்து வையுங்கள். கட்டணத்தையும் தொலைபேசியில் கேட்டுவிடலாம். மாவட்டங்களில் கால்நடைச் சேவைத் துறை அலுவலகங்கள் உள்ளன. செர்டாங்கில் மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இயங்குகிறது.

உரிமமும் பொறுப்பும்

நாய் வளர்க்க ஊராட்சி மன்றத்தின் உரிமம் தேவை. எத்தனை நாய் வைத்திருக்கலாம், அடுக்குமாடி வீட்டில் அனுமதி உண்டா என்பன இடத்துக்கு இடம் மாறும். தோட்ட வீடாக இருந்தால் நிர்வாகத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டையில் உரிம வில்லை இல்லாமல் வெளியே திரியும் குட்டி, தெருநாயாகக் கருதிப் பிடிக்கப்படலாம். நாயைத் தொடுவது சமய ரீதியாகச் சங்கடமான அண்டை வீட்டாரும் நம்மிடையே வாழ்கிறார்கள். வேலியில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்வதும், நடையின்போது கயிற்றைக் குறுக்கிப் பிடிப்பதும், எச்சத்தை அள்ளுவதும் நல்ல உறவைக் காக்கும்.

2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்தியது நிரூபிக்கப்பட்டால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

உண்மையிலேயே வளர்க்க இயலாத நிலை வந்தால், தெரிந்தவர் வீட்டில் இடம் தேடுங்கள். தடுப்பூசி அட்டையையும், கடிக்கும் பழக்கம் உள்ளிட்ட உண்மையையும் சேர்த்தே கொடுங்கள். மறைத்துக் கொடுத்தால் குட்டி அங்கிருந்தும் வெளியேற்றப்படும்.

ஆனால் அந்த முடிவுக்கு முன் காலண்டரைப் பாருங்கள். பற்கள் முளைத்து முடிய 7 மாதம். பூச்சி ஒழிய மூன்று மாதம். உணவு ஒழுங்குக்கு வர இரண்டு, மூன்று வாரம். நன்றாகப் பராமரித்தால் ஜேக் ரசல் டெரியர் 13 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. இன்று 'விடு' என்று சொல்லப் பழகும் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும்போதும் அது வாசலில் காத்திருக்கலாம்.